எத்திக்ஸ் கமிட்டில "ஹை ரிஸ்க்" அப்ளிகேஷனுக்கு என்னதான் நடக்குது? அடிக்கடி வர்ற கேள்விகள்

சில வருஷம் ஒரு எத்திக்ஸ் கமிட்டில ஃபைல் பாக்கற பக்கம் உக்காந்திருந்தேன், இப்ப வெளிய இருந்து மத்தவங்க அப்ளிகேஷன படிச்சு திருத்திக் குடுக்கறேன். ரெண்டு பக்கமும் அதே சந்தேகங்கதான் வேற வேற வாயில இருந்து வருது, தனித்தனியா டைப் பண்ணி கை ஓஞ்சு போச்சு, அதான் மொத்தமா இங்க போட்டுட்டேன். நாட்டுக்கு நாடு ஃபார்ம் பேரும் விதி நம்பரும் மாறும், ஆனா கமிட்டி யோசிக்கற விதம் பெருசா மாறாது.

எத்திக்ஸ் கமிட்டின்னா யாரு அவங்க, என் ரிசர்ச்சுல எதுக்கு மூக்கை நுழைக்கறாங்க?

மனுஷங்கள வச்சு ஒரு ஆய்வு பண்றதுக்கு முன்னாடி, அதுல எந்த லாபமும் இல்லாத கொஞ்சம் பேரு உக்காந்து படிச்சுப் பாக்கணும், அவ்ளோதான். மருந்து ஆய்வுக்கு பல நாடுங்க ஃபாலோ பண்ற ஐசிஎச் ஜிசிபி விதிப்படி கொறஞ்சது 5 பேரு, அதுல ஒருத்தராவது சயின்ஸ் பக்கம் சாராதவர், ஒருத்தராவது அந்த நிறுவனத்துக்கு வெளிய இருந்து வர்றவர்.

மூக்கை நுழைக்கறதுக்கு காரணம் இருக்கு. அமெரிக்காவுல டஸ்கீகில 1932ல ஒரு ஆய்வு ஆரம்பிச்சாங்க, கறுப்பின ஆம்பளைங்க 600 பேரு, அதுல 399 பேருக்கு சிபிலிஸ். 1940கள்ல பென்சிலின் அத குணப்படுத்தும்னு தெரிஞ்ச பிறகும் குடுக்காம, நோய் எப்டி முத்துதுன்னு பாத்துட்டே இருந்தாங்க, 1972ல பத்திரிகைல வந்தப்புறம்தான் நின்னுச்சு. இத யாரும் ஒளிஞ்சு பண்ணல, டாக்டருங்க ஜர்னல்ல கட்டுரையே போட்டுட்டு வந்தாங்க. உள்ள இருக்கறவங்களுக்கு பழகிப் போயிடும், அதுக்குத்தான் வெளியாளு. அந்த விஷயம் வெடிச்சதுக்கப்புறம் வந்ததுதான் 1979 பெல்மான்ட் அறிக்கை, மரியாதை, நன்மை, நீதின்னு அது சொன்ன மூணையும்தான் இன்னைக்கும் கமிட்டிங்க சுத்தி சுத்தி கேக்குது.

நான் 'லோ ரிஸ்க்'னு டிக் பண்ணித்தானே அனுப்புனேன், ஹை ரிஸ்க்னு யாரு மாத்துனது?

நீங்க டிக் பண்றது உங்க கருத்து. முடிவு கமிட்டியோடது, பெரும்பாலும் செயலரோ தலைவரோ மொதல்ல பாத்து பிரிப்பாங்க. ரிவ்யூவே தேவையில்லாத வகை, ஒன்னு ரெண்டு பேரே படிச்சு முடிச்சுடற வகை, எல்லாரும் கூடி உக்காந்து பேச வேண்டிய ஃபுல் போர்டு வகை, இப்டி மூணா பிரிக்கறதுதான் பொதுவா நடக்கறது.

பிரிக்கற கோடு "மினிமல் ரிஸ்க்". ஒரு மனுஷன் அன்றாட வாழ்க்கைலயோ வழக்கமான மெடிக்கல் செக்கப்லயோ சந்திக்கற அளவுக்கு மேல கஷ்டம் வராதுன்னா அது மினிமல். இதுல ரெண்டு விஷயம் சேந்திருக்கு, கெடுதல் வர எவ்ளோ வாய்ப்பு, வந்தா எவ்ளோ பெருசு. ஆயிரத்துல ஒருத்தருக்குத்தான் வரும், ஆனா வந்தா உயிருக்கே ஆபத்துன்னா அது லோ ரிஸ்க் இல்ல, இந்த எடத்துலதான் முக்காவாசி பேரு தப்பா டிக் பண்றாங்க.

ஊசி போடல, மாத்திரை குடுக்கல, வெறும் கேள்வித்தாள்தான். இதுல என்ன ரிஸ்க் வந்துடப் போகுது?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகமா வரும், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். மனச்சோர்வு பத்தின ஆய்வுன்னா முக்காவாசி பேரு பிஎச்க்யூ-9ன்னு ஒம்பது கேள்வி இருக்கற ஒரு கேள்வித்தாள் போடுவாங்க. அதுல ஒம்பதாவது கேள்வி, செத்துட்டா நல்லாருக்கும்னோ நம்மள நாமே காயப்படுத்திக்கணும்னோ கடந்த ரெண்டு வாரத்துல எத்தனை நாள் தோணுச்சுங்கறது. ஆன்லைன் ஃபார்ம்ல ஒருத்தர் ராத்திரி ரெண்டு மணிக்கு உக்காந்து "கிட்டத்தட்ட தினமும்"னு டிக் பண்ணி சப்மிட் பண்றாரு, நீங்க அந்த எக்செல் ஷீட்ட மூணு மாசம் கழிச்சு அனலிசிஸுக்குத் தொறக்கறீங்க. நடுவுல என்ன?

கமிட்டி இதத்தான் கேக்குது. அந்த கேள்வியே போடாதீங்கன்னு யாரும் சொல்லல. அந்த பதில் வந்த உடனே ஸ்கிரீன்ல உதவி எண் வருமா, யாராவது கூப்புடுவாங்களா, கூப்புடணும்னா நம்பர் வாங்கணுமே, வாங்கினா "பேரு தெரியாம பதில் சொல்லலாம்"னு நீங்க குடுத்த வாக்கு என்னாகும்? பதில் வந்த உடனே பாக்க ஆளே இல்லன்னா அதையும் முன்னாடியே பங்கேற்பாளர்கிட்ட சொல்லிடணும். இதெல்லாம் நாலு வரில எழுதி குடுத்தவங்களுக்கு ஒரே மீட்டிங்ல ஓகே ஆகி பாத்திருக்கேன். "ரிஸ்க் எதுவும் இல்லை"ன்னு ஒத்த வரி எழுதி அனுப்புனவங்கதான் மூணு தடவ அலைஞ்சாங்க.

இதே மாதிரிதான் குடும்ப வன்முறை, கருக்கலைப்பு, போதைப் பழக்கம், இப்டி வெளிய தெரிஞ்சா வேலையோ உறவோ உயிரோ போகக்கூடிய எல்லாமே. கேள்வித்தாள் வீட்டு மேசைல கெடந்து புருஷன் கண்ணுல பட்டாலே போதும்.

ஃபுல் போர்டு மீட்டிங்ல உள்ள என்ன நடக்கும்?

சினிமால காட்டற கோர்ட்டு மாதிரி ஒன்னும் இருக்காது. ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் ஒருத்தரோ ரெண்டு பேரோ முன்னாடியே முழுசா படிச்சுட்டு வருவாங்க, அவங்க சுருக்கமா சொல்லுவாங்க, அப்புறம் மத்தவங்க கேள்வி. உங்கள கூப்ட்டா போய் பதில் சொல்லலாம், ஆனா முடிவெடுக்கற நேரத்துல வெளிய வந்துடணும். மெம்பர்ல யாராவது உங்க ஆய்வுல சம்பந்தப்பட்டிருந்தா அவரும் எந்திரிச்சு வெளிய போகணும், அது மினிட்ஸ்ல பதிவாகும். கோரம், அதாவது முடிவெடுக்க வேண்டிய கொறஞ்சபட்ச மெம்பருங்க, இல்லன்னா அன்னைக்கு முடிவே கெடையாது, நீங்க காலைல இருந்து வாசல்ல உக்காந்திருந்தாலும் சரி.

முடிவு பொதுவா நாலு மாதிரி வரும்: ஓகே, சின்ன திருத்தத்தோட ஓகே, பெரிய திருத்தம் பண்ணி மறுபடி மீட்டிங்குக்கு வா, முடியாது. ஹை ரிஸ்க் ஃபைலுக்கு மொத ரவுண்டுலயே சுத்தமான ஓகே வந்தா அது அபூர்வம், ரெண்டாவது மூணாவது வகை வந்தா ஃபெயில் ஆயிட்டோம்னு நெனச்சுக்காதீங்க.

கமிட்டில லே மெம்பர்னு துறை சாராத சாதாரண ஆளு ஒருத்தர் இருக்காரே, அவருக்கு என் சப்ஜெக்ட் என்ன தெரியும்?

தெரியாது, அதுக்குத்தான் அவர் இருக்காரு. ஒரு தடவ இதய மருந்து ஆய்வு ஒன்னு வந்துச்சு, ப்ரோட்டோகால் (ஆய்வ எப்டி நடத்தப் போறாங்கங்கற திட்டம்) நூத்து சொச்சம் பக்கம், டாக்டர் மெம்பருங்க ரெண்டு பேரு டோஸ் பத்தி அரை மணி நேரம் வாதாடிட்டு இருந்தாங்க. ரிட்டயர் ஆன டீச்சர் ஒருத்தர்தான் எங்க லே மெம்பர், அவங்க ஒன்னும் பேசாம ஃபோன எடுத்து, பங்கேற்பாளர் சம்மதிச்சு கையெழுத்து போடற கன்சென்ட் ஃபார்ம்ல "24 மணி நேரமும் தொடர்பு கொள்ளலாம்"னு போட்டிருந்த நம்பருக்கு அடிச்சு ஸ்பீக்கர்ல வச்சாங்க. ரிங் போய்ட்டே இருந்துச்சு, யாரும் எடுக்கல. மறுபடி அடிச்சாங்க, மறுபடியும் எடுக்கல. அப்ப மத்தியானம் மூணு மணி. மருந்து சாப்ட ஒருத்தருக்கு நடுராத்திரி நெஞ்சு படபடன்னா யாருக்கு அடிப்பாருன்னு அவங்க கேட்டதுக்கு ரூம்ல பதில் இல்ல. டோஸ் விவாதமெல்லாம் அப்டியே நின்னு போச்சு, ஃபைல் திரும்பிப் போச்சு.

கன்சென்ட் ஃபார்ம மட்டும் திரும்பத் திரும்ப ஏன் திருப்பி அனுப்பறாங்க? அதான் எல்லாமே எழுதிருக்கேனே?

எல்லாத்தையும் எழுதுனதுதான் பிரச்சினையே. கம்பெனி குடுத்த இங்கிலீஷ் ஃபார்ம அப்டியே மொழிபெயர்த்து பதினெட்டு பக்கம் வைப்பாங்க, அதுல "சிரைவழி இரத்த மாதிரி 15 மில்லி சேகரிக்கப்படும்"னு இருக்கும். "கைல ஊசி போட்டு மூணு டீஸ்பூன் அளவு ரத்தம் எடுப்போம்"னு எழுதுங்க. "சீரற்ற முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்"ங்கறதுக்கு பதிலா "நீங்க எந்த குரூப்புல வருவீங்கன்னு காசு சுண்டிப் பாக்கற மாதிரி கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணும், உங்க டாக்டர் முடிவு பண்ண மாட்டாரு"ன்னு எழுதுங்க. அமெரிக்க விதியவே 2018ல இருந்து மாத்தி, ஒருத்தர் சேரலாமா வேணாமான்னு முடிவு பண்றதுக்கு தேவையான முக்கிய விஷயம் சுருக்கமா மொதல்ல வரணும்னு வச்சுட்டாங்க.

இன்னொன்னு, ஆய்வையும் வைத்தியத்தையும் போட்டுக் குழப்பறது. உங்ககிட்ட பேஷண்ட்டா வர்றவர், நீங்க நீட்டறது எல்லாமே தனக்கு நல்லதுக்குத்தான்னு நெனச்சுப்பாரு. இது ஆய்வு, சேரலன்னாலும் உங்களுக்கு கெடைக்கற வைத்தியம் கொறையாது, நடுவுல எப்ப வேணா வெலகலாம், இந்த மூணும் மொதப் பக்கத்துலயே கண்ணுல படணும். டாக்டரே கையெழுத்து வாங்காம வேற ஆள விட்டு வாங்குங்கன்னு கமிட்டி சொல்றதும் இதுக்காகத்தான், மூஞ்சிக்கு நேரா டாக்டர்கிட்ட மாட்டேன்னு சொல்ற பேஷண்ட் ரொம்ப கம்மி.

சாம்பிள் சைஸ், அதாவது எத்தனை பேர சேக்கறோங்கறது, பத்தியெல்லாம் எத்திக்ஸ் கமிட்டி ஏன் கேக்குது? அது ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆளோட வேலை இல்லையா?

நாப்பது பேர வச்சு பண்ணா எந்த பதிலும் கெடைக்காத ஒரு கேள்விக்கு நாப்பது பேருக்கு பயாப்சி (உடம்புல இருந்து சின்ன சதைத் துண்டு) எடுக்கறீங்கன்னு வைங்க, அந்த நாப்பது பேரும் சும்மா வலிய வாங்கிட்டு போறாங்க. ரிஸ்க் ஏற ஏற இந்தக் கேள்வி கூர்மையாகும், கேள்வித்தாள் ஆய்வுல கண்டுக்காம விடற சயின்ஸ் ஓட்டைய ஃபுல் போர்டுல விட மாட்டாங்க.

பங்கேற்கறவங்களுக்கு காசு குடுக்கலாமா, அது லஞ்சம் மாதிரி ஆயிடாதா?

குடுக்கலாம். பஸ் செலவு, போன ஒரு நாள் கூலி, பட்ட சிரமம், இதுக்கு ஈடு குடுக்கறது நியாயம்தான், குடுக்காம விடறதுதான் பல எடத்துல அநியாயம். பயந்து ஒதுங்க வேண்டிய ஆள் காசுக்காக பயத்த மறைச்சுட்டு வந்து சேருவாரோங்கற அளவுக்கு போச்சுன்னாதான் கமிட்டி தடுக்கும். மொத்த காசும் கடைசி விசிட்லதான்னு வச்சாலும் தடுப்பாங்க, ஏன்னா மேல சொன்ன "எப்ப வேணா வெலகலாம்" அங்க வெறும் பேச்சாயிடுது, விசிட்டுக்கு விசிட் பிரிச்சுக் குடுங்க.

மனுஷங்களுக்கு முதல் முறையா ஒரு மருந்து குடுக்கறப்ப கமிட்டி எத பாக்கும்? விலங்குல டெஸ்ட் பண்ணியாச்சுன்னா போதாதா?

போதாதுங்கறதுக்கு 2006 மார்ச் மாசம் லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனைல நடந்தது போதும். டிஜிஎன்1412ன்னு ஒரு மருந்து, விலங்குகள்ல பாதுகாப்பா இருந்த அளவுல ஐநூத்துல ஒரு பங்குதான் குடுத்தாங்க. எட்டு தன்னார்வலர்கள்ல ரெண்டு பேருக்கு டம்மி, ஆறு பேருக்கு நிஜ மருந்து, ஒருத்தருக்கும் அடுத்தவருக்கும் நடுவுல பத்து நிமிஷம் மாதிரிதான் இடைவெளி. ஒன்றரை மணி நேரத்துக்குள்ள ஆறு பேருக்கும் தலவலி, குளிர், வாந்தி, அப்புறம் ஒவ்வொரு உறுப்பா அடங்க ஆரம்பிச்சு அத்தன பேரும் ஐசியூ. உயிர் பொழைச்சுட்டாங்க, ஆனா ஒருத்தருக்கு விரலுங்க போச்சு.

கணக்கு போட்டுப் பாருங்க, மொத ஆளுக்கு உடம்பு சரியில்லாம போறதுக்குள்ள கடைசி ஆளுக்கும் ஊசி போட்டாச்சு. ஒரே ஒருத்தருக்கு மொதல்ல போட்டு போதுமான நேரம் காத்திருந்திருந்தா மத்த அஞ்சு பேரும் தப்பிச்சிருப்பாங்க. அதுக்கப்புறம்தான் ஐரோப்பாவுல 2007ல முதல்-மனித ஆய்வுக்குன்னே தனி வழிகாட்டுதல் வந்துச்சு. இப்ப கமிட்டி கேக்கற கேள்வி எல்லாமே அந்த ரூம்ல இருந்து வந்ததுதான்: மொத டோஸ் எந்தக் கணக்குல வந்துச்சு, ஒருத்தருக்கும் அடுத்தவருக்கும் எவ்ளோ இடைவெளி, டோஸ ஏத்தறதுக்கு முன்னாடி யாரு டேட்டா பாக்கறா, என்ன ஆனா நிறுத்துவீங்க, ஐசியூ எவ்ளோ தூரம்.

பாதி பேருக்கு டம்மி மாத்திரை குடுக்கறதே ஏமாத்து வேலை இல்லையா, அத எப்டி அனுமதிக்கறாங்க?

அந்த நோய்க்கு ஏற்கனவே நல்ல வைத்தியம் இருந்து, அத நிறுத்திட்டு டம்மி குடுத்தா பேஷண்ட்டுக்கு பெரிய கெடுதல்னா அனுமதிக்க மாட்டாங்க, டஸ்கீகி கதையே அதுதானே. ரெண்டு வைத்தியத்துல எது மேல்னு துறைல இருக்கறவங்களுக்கே உண்மையா கருத்து வேறுபாடு இருக்கணும், 1987ல பெஞ்சமின் ஃப்ரீட்மன் சொன்ன இந்த வாதத்ததான் கமிட்டிங்க இன்னும் அளவுகோலா வச்சிருக்கு. வழக்கமான வைத்தியத்தோட மேல ஒன்ன சேக்கறீங்க, அந்த "மேல ஒன்னு" மட்டும் நிஜமா டம்மியான்னா பெரும்பாலும் பிரச்சினை இல்ல. டம்மி வரலாம்னு கன்சென்ட் ஃபார்ம்ல சொல்லிட்டீங்கன்னா ஏமாத்தற பேச்சுக்கே எடமில்ல.

குழந்தைங்க, கைதிங்க, மனநோய் உள்ளவங்க, இவங்கள வச்சு ஆய்வே பண்ணக் கூடாதா?

பண்ணலாம். பண்ணலன்னா அவங்களுக்கான மருந்து எப்பவுமே குத்துமதிப்பாவேதான் இருக்கும், அதுவும் அநியாயம். கமிட்டி கேக்கற மொத கேள்வி, இத பெரியவங்கள வச்சு கண்டுபுடிக்க முடியாதா? முடியும்னா அங்க போங்க. கைல கெடைக்கறாங்கங்கறதுக்காக ஹாஸ்டல் புள்ளைங்களையோ ஜெயில் ஆளுங்களையோ சேக்கறது செல்லாது.

குழந்தைன்னா அப்பா அம்மா கையெழுத்து மட்டும் பத்தாது, வெவரம் தெரிஞ்ச புள்ளைன்னா அதுகிட்டயும் அதுக்கு புரியற மாதிரி கேக்கணும், அது மாட்டேன்னு தலையாட்டுனா பெரும்பாலும் அதோட நிறுத்திடணும்.

உண்மைய சொன்னா ஆய்வே நடக்காது, பொய் சொல்லித்தான் ஆகணும். இதுக்கு வழி இருக்கா?

இருக்கு, ஆனா ஒடுங்குன வழி. ஸ்டான்லி மில்கிராம் யேல்ல 1961ல பண்ணது எல்லாருக்கும் தெரியும், அடுத்த ரூம்ல இருக்கறவருக்கு ஷாக் குடுக்கறோம்னு நம்ப வச்சாங்க, 40 பேர்ல 26 பேரு 450 வோல்ட் வரைக்கும் போனாங்க. நிஜத்துல யாருக்கும் ஷாக் அடிக்கல, ஆனா நான் ஒருத்தர கொல்ற அளவுக்கு போயிட்டேன்ங்கற நெனப்போட உக்காந்து வேர்த்து நடுங்குனது நெஜம். கமிட்டி பாக்கறது அந்த நடுக்கத்த. பொய் சொல்லாம பண்ண வேற வழியே இல்லையா, முடிஞ்ச உடனே உண்மைய சொல்லுவீங்களா, சொன்னப்புறம் என் டேட்டாவ எடுத்துடுங்கன்னு கேட்டா எடுப்பீங்களா, இதுக்கெல்லாம் பதில் இருக்கணும். சேரலாமா வேணாமான்னு முடிவு பண்ற ஆளுக்கு முக்கியமான ரிஸ்க்கையே மறைக்கற பொய்க்கு மட்டும் வழி கெடையாது.

எல்லாம் ரகசியமா இருக்கும்னு எழுதிட்டேன், ஆனா இன்டர்வியூல ஒருத்தர் குற்றத்த சொல்லிட்டா?

"எல்லாம் ரகசியமா இருக்கும்"ங்கற வரிய மொதல்ல அழிங்க. பாஸ்டன் காலேஜ்ல வட அயர்லாந்து சண்டைல இருந்தவங்கள பேட்டி எடுத்து, சாகற வரைக்கும் வெளிய வராதுன்னு வாக்கு குடுத்து டேப்ப பத்திரமா வச்சிருந்தாங்க. 2011ல ஒரு பழைய கொலை விசாரணைக்காக பிரிட்டிஷ் தரப்பு கேட்டு அமெரிக்க அரசு சம்மன் அனுப்புச்சு, கோர்ட்டுல சண்ட போட்டும் முழுசா காப்பாத்த முடியல, 2013ல சில பேட்டிங்க போலீஸ் கைக்கு போயிடுச்சு. வாக்கு குடுத்தவங்க நல்ல எண்ணத்துலதான் குடுத்தாங்க, ஆனா அத காப்பாத்தற அதிகாரம் அவங்க கைல இல்ல.

அதனால எந்த எல்லை வரைக்கும் ரகசியம்னு எழுதுங்க. குழந்தைக்கு ஆபத்து, உயிருக்கு ஆபத்துன்னா சட்டப்படி சொல்லியாகணுமா, கோர்ட் கேட்டா குடுத்தாகணுமா, இத பேட்டிக்கு முன்னாடியே வாய்விட்டு சொல்லணும். சில சமயம் பேரே வாங்காம இருக்கறதுதான் நல்லது, கைல இல்லாதத யாரும் புடுங்க முடியாது.

பேர எடுத்துட்டேன், அப்ப டேட்டா அனானிமஸ்தானே?

இல்லாமயும் போகலாம். பொறந்த தேதி, ஆணா பொண்ணா, பின்கோடு, இந்த மூணு மட்டும் வச்சு அமெரிக்காவுல 87 சதவீதம் பேர தனியா அடையாளம் காட்டிடலாம்னு லட்டான்யா ஸ்வீனி 2000ல போட்ட கணக்கு ரொம்ப பிரபலம். அபூர்வ நோய், சின்ன ஊரு, ஒரே ஒரு பெண் அதிகாரி இருக்கற ஆபீஸ், இந்த மாதிரி எடத்துல பேரு தேவையே இல்ல, படிக்கறவங்களே கண்டுபுடிச்சுடுவாங்க.

அப்ரூவல் வந்துடுச்சு, இனிமே கமிட்டிக்கும் எனக்கும் சம்பந்தம் முடிஞ்சுதா?

ஹை ரிஸ்க்னா அங்கதான் ஆரம்பமே. கேள்வித்தாள்ல ஒரு கேள்விய மாத்தணும்னாலும் அமெண்ட்மெண்ட் (மாத்தறதுக்கான விண்ணப்பம்) போட்டு ஓகே வாங்கிட்டுதான் மாத்தணும், பங்கேற்பாளருக்கு உடனடி ஆபத்துன்னா மட்டும் மொதல்ல மாத்திட்டு அப்புறம் சொல்லலாம். யாராவது செத்தாலோ ஆஸ்பத்திரில சேந்தாலோ குறிப்பிட்ட நேரத்துக்குள்ள ரிப்போர்ட் போகணும், "அது மருந்தால இல்ல"ன்னு நீங்களா முடிவு பண்ணி அமுக்கக் கூடாது. கொறஞ்சது வருஷத்துக்கு ஒரு தடவையாவது கமிட்டி திரும்ப பாக்கும்.

2016 ஜனவரில பிரான்ஸ்ல ரென் நகரத்துல ஒரு மருந்து ஆய்வுல தன்னார்வலர் ஒருத்தர் ராத்திரி ஆஸ்பத்திரில சேந்தாரு. மறுநாள் காலைல அந்த குரூப்ல மத்தவங்களுக்கு அதே டோஸ வழக்கம் போல குடுத்தாங்க. மொதல்ல சேந்தவர் சில நாள்ல இறந்துட்டாரு, இன்னும் சிலர் ஆஸ்பத்திரில சேர வேண்டியதாச்சு. முதல்-மனித ஆய்வு பத்தி மேல சொன்னேன்ல, "என்ன ஆனா நிறுத்துவீங்க"ங்கற கேள்வி, அதுக்கு பேப்பர்ல பதில் இருந்தா பத்தாது, காலைல ஏழு மணிக்கு மருந்து எடுத்துட்டு போற நர்ஸுக்கு அந்த பதில் தெரிஞ்சிருக்கணும்.

டேட்டாவ ஏற்கனவே எடுத்து முடிச்சுட்டேன், இப்ப அப்ரூவல் வாங்கித் தருவீங்களா?

முடியாது. நடந்து முடிஞ்சதுக்கு முன் தேதி போட்டு யாரும் அப்ரூவல் தர மாட்டாங்க, தந்தா அந்த கமிட்டிய நம்பாதீங்க. வைத்தியத்துக்காக ஏற்கனவே எடுத்து வச்ச பழைய ரெக்கார்ட இனிமே ஆய்வுக்கு பயன்படுத்தறது வேற விஷயம், அதுக்கு அப்ளை பண்ணலாம். நீங்க ஆய்வுக்குன்னே போய் ஆளுங்கள பாத்து எடுத்துட்டீங்கன்னா கமிட்டிகிட்ட உள்ளத உள்ளபடி எழுதி குடுங்க. அந்த டேட்டா போச்சுன்னே வச்சுக்கங்க, கைடும் சேந்து திட்டு வாங்குவாரு, ஆனா மறைச்சு ஜர்னல்ல மாட்டறதுக்கு இது எவ்வளவோ தேவல.

இருபத்தி மூணு கேள்வி போட்டு லெட்டர் வந்திருக்கு, எப்டி பதில் எழுதறது?

மொத ரெண்டு நாள் எழுதாதீங்க, கோவம் எழுத்துல தெரியும். அப்புறம் கமிட்டி கேட்ட ஒவ்வொரு வரியையும் அப்டியே எடுத்துப் போட்டு, கீழ உங்க பதில், எந்தப் பக்கம் எந்த பாரா மாறுச்சுன்னு போடுங்க, மாத்துன ஃபைல்ல அந்த எடத்த கலர் பண்ணுங்க. ஒத்துக்க முடியாத கேள்வி இருந்தா ஏன்னு காரணத்தோட மறுக்கலாம், கமிட்டியும் தப்பா புரிஞ்சுக்கும், நானே அப்டி ரெண்டு தடவ தப்பா எழுதி அனுப்பிருக்கேன். வெர்ஷன் நம்பரும் தேதியும் ப்ரோட்டோகால், கன்சென்ட் ஃபார்ம், லெட்டர் மூணுலயும் ஒன்னா இருக்கான்னு பாருங்க, இது ஒன்னுக்காகவே திரும்பி வந்த ஃபைல் ஏகப்பட்டது. அனுப்பறதுக்கு முன்னாடி, கன்சென்ட் ஃபார்ம்ல போட்ட நம்பருக்கு நீங்களே ஒரு தடவ அடிச்சுப் பாருங்க.